எச்சில் கரண்டு

கொட்டகலைக் கடைவீதியில் எங்கள் கடை வாசல். காலை எட்டு மணி இருக்கும். பனி இன்னும் ரயில் பாதையை விட்டு எழும்பவில்லை. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, கையில் ஸ்பானரோடு நான் நிற்கிறேன். எனக்கு எதிரே இரண்டு பேட்டரிகள். இரண்டும் தரைக்கு வர மாட்டேன் என்கின்றன.

பெரிய கங்காணியின் பேட்டரி அவருடைய ஆளின் தலையில், சும்மாட்டுக்கு மேல் இருந்தது. கங்காணி கோட்டும் தலைப்பாகையுமாகப் பக்கத்தில் குடை பிடித்து நின்றார். குடை அவருக்குத்தான், ஆளுக்கும் இல்லை, பேட்டரிக்கும் இல்லை. தலைவரின் பேட்டரி தலைவரின் தோளிலேயே இருந்தது. அவர் தோட்டத்துத் தொழிலாளர் சங்கத்துக்குப் புதிதாகத் தலைவரானவர். வாட்டசாட்டமான மனிதர்தான், ஆனாலும் கழுத்து நரம்பெல்லாம் புடைத்துவிட்டது.

"எறக்கி வைங்கண்ணே, தோள் போயிரும்" என்றேன்.

"எந்த எடத்துல வைக்கப் போறேன்னு மொதல்ல சொல்லு தங்கச்சி. அப்புறம் எறக்குறேன்."

"என்னோடத எங்க வைக்கணும்னு அந்தப் புள்ளைக்குத் தெரியும்" என்றார் கங்காணி. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ரயில் பாதையைப் பார்த்துச் சொன்னார்.

பாவம், சும்மாட்டுக்காரர் மட்டும் என்னைப் பார்த்தார். யார் முதலில் வந்தாலும் சரி, எனக்கு ஒரு முடிவு சொல்லம்மா என்று அந்தக் கண் கெஞ்சியது.

இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். என் வீட்டுக்காரர் இந்தத் தொடரை வாராவாரம் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிறார். போன வாரம் எங்கள் கல்யாணத்தில் அவருடைய வேட்டி அவிழ்ந்த கதையை எழுதியதற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இந்த வாரம் எழுதப்போவது அதைவிடப் பெரிய சமாசாரம். இத்தனை வருடம் அவரிடம் மறைத்த ஒரு பொய் இதில் வருகிறது. எழுதத் துணிந்தாயிற்று, இனி என்ன.

எஞ்சின் யாருடையது

ஐம்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேயிலைத் தோட்டத்து லயங்களில், அந்த ஒற்றையறைக் காம்பரா வரிசைகளில், கரண்டு கிடையாது. கரண்டு என்றால் ஃபாக்டரிக்கும் துரை பங்களாவுக்கும்தான். ஆனால் ரேடியோ ஆசை மட்டும் லயத்துக்கு வந்துவிட்டது. பத்துக் காம்பராவுக்கு ஒரு ரேடியோ, அதற்குக் கீழே பெட்டிபோல் ஒரு பேட்டரி. பேட்டரி சோர்ந்தால் பாட்டுக்காரருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். உடனே அதைக் கொழுந்துக் கூடையில் வைத்து முதுகில் மாட்டிக்கொண்டு எங்கள் கடைக்கு இறங்கி வருவார்கள்.

என் வீட்டுக்காரர் ஃபாக்டரியில் எஞ்சின் ரூமில் வேலை பார்த்தவர். கைக்கு வித்தை தெரியும். கையில் எஞ்சின்தான் இல்லை. எஞ்சினைக் கொடுத்தவர் வெள்ளைப்பாறைத் தோட்டத்துப் பெரிய கங்காணி. ஏதோ ஒரு துரை ஊருக்குப் போகும்போது ஏலத்தில் விட்ட பெட்ரோல் எஞ்சினையும் டைனமோவையும் அவர் தன் வீட்டு விளக்குக்காக வாங்கினார். அது போட்ட சத்தத்தில் அவர் வீட்டம்மாவுக்குத் தலைவலி வந்து, மாடு பால் கறக்க மறுத்து, கடைசியில் எஞ்சின் கொட்டகலைக்கு இறங்கி எங்கள் கடையின் பின்கட்டில் குடியேறியது.

கொடுக்கும்போது கங்காணி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "எம் பேட்டரி எப்ப வந்தாலும் மொத எடம். அது தவறுன அன்னைக்கு எஞ்சின் மல ஏறிடும்."

அந்த எஞ்சின் மலை ஏறினால் நாங்களும் மலை ஏற வேண்டியதுதான். கடையின் பின்னறைதான் எங்கள் வீடு. கடை போனால் வீடு போகும். வீடு போனால் லயம். லயம் என்றால் விடியுமுன் கொம்பூதும் சத்தம், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் குளிரில் நிற்பது, கணக்கப்பிள்ளை கை காட்டிய மலைக்குக் கூடையோடு ஏறுவது. ஏழு வருடம் அதைச் செய்துவிட்டுத்தான் நான் கல்யாணமாகிக் கீழே வந்தேன். திரும்பி ஏறுவதில்லை என்று மனதுக்குள் சத்தியமே செய்திருந்தேன்.

கட்டைவிரல்

எஞ்சினைக் கிளப்ப முன்னால் ஒரு இரும்புக் கைப்பிடியைப் போட்டுச் சுற்ற வேண்டும். சில சமயம் எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைக்கும். அதனால் கட்டைவிரலைக் கைப்பிடியைச் சுற்றி மடக்கக் கூடாது, மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைக்க வேண்டும். உதைத்தால் கை வழுக்கி வந்துவிடும். மடக்கியிருந்தால் மணிக்கட்டு போகும்.

கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் என் வீட்டுக்காரர் இதைச் சொல்வார். பேட்டரி கொண்டுவந்தவரிடமும் சொல்வார், வழி கேட்டு வந்தவரிடமும் சொல்வார். ஒரு புதன்கிழமை தபால்காரரிடம் இதை விளக்கிக்கொண்டே கைப்பிடியைச் சுற்றினார். கட்டைவிரலை மடக்கிச் சுற்றினார்.

ஆஸ்பத்திரியில் முழங்கை வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். ஆறு வாரம். வலது கை.

"கடையப் பூட்டிரலாமா?" என்றார் அன்று சாயங்காலம், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு.

"பூட்டுற கைதான் உங்களுக்கு இல்லையே" என்றேன்.

மறுநாள் காலையில் நானே எஞ்சினைக் கிளப்பினேன். கட்டைவிரலை மடக்கவில்லை.

இரண்டு வருடம் பக்கத்திலிருந்து பார்த்த வேலைதான். சோர்ந்த பேட்டரிக்கு மழைத் தண்ணீர் ஊற்றத் தெரியும். அதற்காகவே முற்றத்தில் பீங்கான் பேசின் வைத்திருந்தோம். தகரக் கூரையில் வழிந்த தண்ணீர் உதவாது. திராவகம் கையில் பட்டால் அப்பச்சோடா போடத் தெரியும். சேலையில் பட்டால் ஒன்றும் செய்ய முடியாது. படும்போது ஒன்றும் தெரியாது, துவைத்துப் பிழியும்போதுதான் சேலை சல்லடையாகக் கைக்கு வரும். அந்த ஆறு வாரத்தில் மூன்று சேலையை அப்படிப் பறிகொடுத்தேன். நாலாவதாக அவருடைய காக்கிக் கால்சட்டையைப் பாவாடைக்கு மேல் போட்டுக்கொண்டேன். கடைவீதி முழுக்கச் சிரித்தது. சிரித்தவர்களின் பேட்டரியை வரிசையில் கடைசியாக வைத்தேன்.

அங்கேதான் விஷயம் இருக்கிறது.

பீலித் தண்ணீர்

எங்கள் டைனமோ நாலு பேட்டரியை வரிசையாகக் கட்டினால் ஒரே மூச்சில் சார்ஜ் ஏற்றும். ஒன்றின் பிளஸை அடுத்ததின் மைனஸில், அதன் பிளஸை அதற்கடுத்ததின் மைனஸில். நாலு பேர் கைகோத்து நிற்பதுபோல. இதைச் சீரீஸ் என்பார்கள். எங்கள் கடையில் வரிசைக் கட்டு.

வரிசைக் கட்டில் முதல் பேட்டரிக்கு எவ்வளவு கரண்டு போகிறதோ அதே அளவுதான் கடைசிப் பேட்டரிக்கும் போகும். எந்த இடத்தில் நின்றாலும் ஒன்றுதான். இதை என் வீட்டுக்காரர் எத்தனையோ பேருக்குச் சொல்லிப் பார்த்தார். ஒருவர்கூட நம்பவில்லை. நான் மட்டும் நம்பினேனா? சிரித்தவர்களைக் கடைசியில் வைத்தேன் என்று இப்போதுதானே எழுதினேன்.

கங்காணியின் பேட்டரி எப்போதும் முதலில், டைனமோவை ஒட்டி. அது பெரும்பாலும் முக்கால்வாசி நிறைந்தே வரும். கரண்டுக்காக வருவதில்லை, இடம் பிடிக்க வருவதுதான்.

இப்போது கடை வாசலுக்கு வருவோம். தலைவரின் தோள் இன்னும் பேட்டரியைச் சுமந்துகொண்டுதான் நிற்கிறது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வெள்ளைப்பாறைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா. ஹட்டனிலிருந்து ஸ்பீக்கர் செட்டு வருகிறது. அதற்குப் பன்னிரண்டு வோல்ட் வேண்டும், அதாவது ஆறு வோல்ட் பேட்டரி இரண்டு. வருடா வருடம் இரண்டையும் கங்காணிதான் கொடுப்பார். இந்த வருடம் கோயில் கமிட்டியில் பாதிப்பேர் தலைவருடைய ஆட்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் சண்டை பிடித்து, கங்காணியிடமிருந்து ஒன்று, சங்கத்திலிருந்து ஒன்று என்று தீர்த்திருந்தார்கள். தீர்த்த சண்டையைச் சனிக்கிழமை காலையில் என் வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

"அண்ணே, எங்க வச்சாலும் ஒரே கரண்டுதான். சத்தியமா" என்றேன்.

"தங்கச்சி, நீயும் லயத்துலதான பொறந்த?" என்றார் தலைவர். "பீலிக் குழாயில தண்ணி எப்படி வரும்னு ஒனக்குத் தெரியாதா? மேட்டு லயத்துக்காரங்க குளிச்சி, துணி தொவைச்சி, மாடு கழுவி விட்ட தண்ணிதான் எங்க பள்ளத்து லயத்துப் பீலிக்கு வந்துச்சு. எங்கம்மா அதத்தான் வடிகட்டிச் சோறாக்குனா. இப்ப கரண்டும் அவங்க பேட்டரிக்குள்ள போயிட்டு மிச்சம்தான் எனக்கு வரணுமா? எச்சில் கரண்டு எங்களுக்கு வேணாம்."

கரண்டு விஷயத்தில் அவர் சொன்னது தப்பு. தண்ணீர் விஷயத்தில் அவ்வளவும் உண்மை. நானும் அந்தப் பள்ளத்து லயத்தில் பிறந்தவள்தான்.

"எம் பேட்டரி பின்னால நின்னா, பள்ளத்து லயத்து ரேடியோ பேட்டரி ஒண்ணு விடாம ஹட்டனுக்குப் போகும். சங்கத்துல சொன்னா கேப்பாங்க" என்றார் தலைவர்.

கங்காணி இப்போதுதான் முதல் தடவையாக என்னைப் பார்த்தார். "நாளைக்கு நான் பேசி முடிக்கிற வரைக்கும் ஸ்பீக்கர் நிக்கக் கூடாது. எம் பேட்டரி மொத எடத்துல நிக்கணும். ரெண்டுல எது தவறுனாலும் திங்கக்கெழம எஞ்சின் மலைக்கு வந்துரும்."

கங்காணியை முதலில் வைத்தால் கடைக்கு ஆள் வராது. தலைவரை முதலில் வைத்தால் கடையே இருக்காது. எனக்குக் கொம்பூதும் சத்தம் காதில் கேட்டது.

ஏணி

உள்ளே நாற்காலியில் மாவுக்கட்டுக் கையோடு உட்கார்ந்திருந்தவர் ஜாடை காட்டினார், ‘கங்காணியை வை’ என்று. நான் கவனிக்காததுபோல் இருந்தேன். எனக்கு வேறு ஒன்று தோன்றியிருந்தது.

பேட்டரியை இன்னொரு விதமாகவும் கட்டலாம். பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ். இரண்டும் ஒரே படியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பேரலல் என்று சொல்வது. பார்க்க ஏணிபோல் இருப்பதால் நாங்கள் ஏணிக் கட்டு என்போம். வரிசையின் முதல் படியில் ஒரு பேட்டரிக்குப் பதிலாக இரண்டை ஏணி கட்டி நிறுத்திவிட்டால், அதற்குப் பின்னால் மற்ற மூன்றையும் வரிசையாக விடலாம்.

"ரெண்டும் மொத எடம்" என்றேன். "சேந்து ஒரே படியில. டைனமோவுலருந்து வர்ற கரண்டு அங்கயே ரெண்டாப் பிரிஞ்சு ரெண்டுக்கும் நேராப் போகும். ஒருத்தர் தொட்டது இன்னொருத்தருக்கு வராது."

இருவரும் குனிந்து பார்த்தார்கள். தலைவர் விரலால் கம்பியைத் தொட்டுத் தொட்டுப் போனார். கங்காணி குடைக் கம்பால் டைனமோவுக்கும் இரண்டு பேட்டரிக்கும் உள்ள தூரத்தை அளந்தார். தலைவருடையது இரண்டு விரற்கடை முன்னால் இருப்பதாகச் சொன்னார். நகர்த்தி வைத்தேன். இப்போது கங்காணியுடையது முன்னால் இருப்பதாகத் தலைவர் சொன்னார். கடைசியில் பலகைச் சட்டம் ஒன்றைக் குறுக்கே வைத்து இரண்டின் மூக்கையும் ஒட்டி நிறுத்தினேன். சும்மாட்டுக்காரர் கழுத்தைத் தடவிக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவர்கள் போனதும் என் வீட்டுக்காரர் வந்து நின்று பார்த்தார். "மூள இருக்கு ஒனக்கு" என்றார். கல்யாணமான இரண்டு வருடத்தில் அப்படி அவர் சொன்னது அதுவே முதல் தடவை.

பிறகு சொன்னார். "ஆனா ஒண்ணு. கங்காணியோடது கிட்டத்தட்ட நெறஞ்சு கெடக்கு. தலைவரோடது காலி. எஞ்சின் ஓடுற வரைக்கும் பரவாயில்ல. எஞ்சின் நின்ன ஒடனே ஏணிக் கம்பியக் கழட்டிரணும். இல்லன்னா நெறஞ்சது காலிக்குள்ள ஊத்திக்கிட்டே இருக்கும்."

"எனக்குத் தெரியாதா?" என்றேன். தெரியாது. அன்றுதான் கேட்டேன்.

ஒரு பொய்

பகல் இரண்டு மணிக்கு மழை பிடித்தது. கொட்டகலை மழையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை, அது பக்கவாட்டில் பெய்யும். பின்கட்டுத் தட்டியைத் தள்ளிக்கொண்டு எஞ்சின்மேல் அடித்தது. எஞ்சின் இரண்டு தடவை தும்மி, நின்றுபோனது.

சுற்றினேன். சுற்றினேன். தோள்பட்டை கழன்றுவிடும்போல் ஆகும்வரை சுற்றினேன். பெட்ரோலில் தண்ணீர் இறங்கிவிட்டது. அவர் நாற்காலியிலிருந்து, "அத கழட்டு, இத தொட, ஊது" என்று கத்திக்கொண்டே இருந்தார். ஊதி ஊதி என் வாயெல்லாம் பெட்ரோல். விளக்கு வைக்கும் நேரத்தில் டைனமோ கம்பியை மட்டும் கழற்றி எறிந்துவிட்டு, ஈரச் சேலையோடு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

சாப்பிடும்போது கேட்டார். "ஏணிக் கம்பியக் கழட்டிட்டியா?"

கழற்றவில்லை. அந்த நிமிஷம்தான் ஞாபகமே வந்தது. மழையில் திரும்பப் பின்கட்டுக்குப் போக வேண்டும். பகல் முழுக்க அவர் சொன்ன ‘அத கழட்டு, இத கழட்டு’ காதுக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை அவர் வாயால் கேட்கப் பொறுக்கவில்லை.

"கழட்டிட்டேன்" என்றேன். சோற்றைப் பிசைந்தேன். சாப்பிட்டுவிட்டுப் போய்க் கழற்றலாம் என்று நினைத்தேன். நினைத்தபடியே தூங்கிப்போனேன்.

விடிந்ததும் ஓடினேன். நல்ல பேட்டரியா, சோர்ந்த பேட்டரியா என்று பார்க்க ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. பால்காரர்கள் பாலில் விட்டுப் பார்ப்பதுபோல் அதற்குள் ஒரு மிதவை இருக்கும். திராவகத்தை உறிஞ்சினால் மிதவை எவ்வளவு எழும்புகிறதோ அவ்வளவு தெம்பு. தலைவரின் பேட்டரியில் விட்டேன். நேற்று அடியில் கிடந்த மிதவை பாதிக்கு ஏறி நின்றது. சந்தோஷப்பட எனக்குத் தைரியம் இல்லை. கங்காணியுடையதில் விட்டேன். நேற்று தலைக்கு மேல் நின்ற மிதவை பாதிக்கு இறங்கியிருந்தது.

இரண்டும் மயிரிழை வித்தியாசமில்லாமல் ஒரே அளவு. கங்காணியின் கரண்டு ராத்திரி முழுக்கத் தலைவரின் பேட்டரிக்குக் குடிபெயர்ந்திருந்தது.

எஞ்சின் இன்னும் ஈரம். வாசலில் இரண்டு பக்கத்து ஆட்களும் பேட்டரியைத் தூக்க வந்துவிட்டார்கள். அவரிடம் சொல்லலாம் என்றால், சொன்னால் பொய்யும் வெளியே வரும். கம்பியைக் கழற்றினேன், துணியால் இரண்டு பேட்டரியையும் பளபளவென்று துடைத்தேன், தூக்கிவிட்டேன். துடைத்ததால் கரண்டு ஏறுமா? ஏறாது. வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

கறுப்புக் கம்பி

ஸ்பீக்கர் செட்டுக்காரர் பியதாச என்ற சிங்களவர், நல்ல மனிதர். பேட்டரிகளோடு நானும் போயிருந்தேன். கோயில் மைதானத்தில் இரண்டு பக்கமும் முறைத்துக்கொண்டு நின்ற கூட்டத்தைப் பார்த்ததும் கம்பியைக் கீழே வைத்துவிட்டார். "வோல்ட் தொலஹக் ஓனே, நோனா" என்றார் என்னிடம். பன்னிரண்டு வேண்டும், அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது என்கிற மாதிரி ஆலமரத்தடிக்குப் போய்ச் சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டார். ஆகவே நானே கட்ட வேண்டியதாயிற்று.

இங்கே ஏணிக்கு வழியில்லை. இரண்டு ஆறும் சேர்ந்து பன்னிரண்டாக வேண்டுமானால் வரிசைக் கட்டுத்தான். ஒரு முனையில் சிவப்புக் கம்பி, மறுமுனையில் கறுப்பு. சிவப்பைக் கங்காணியின் பேட்டரியில் மாட்டினேன்.

"எனக்கு ஏன் கறுப்பு?" என்றார் தலைவர்.

"அண்ணே, கரண்டு செவப்புல கெளம்பிக் கறுப்புக்கு வருதுன்னு கொஞ்சப் பேரு சொல்றாங்க. இல்ல, கறுப்புலதான் கெளம்புதுன்னு கொஞ்சப் பேரு சொல்றாங்க. படிச்சவங்களுக்குள்ளயே அது இன்னும் தீரல" என்றேன்.

இது என் வீட்டுக்காரர் ஒருநாள் ஏதோ புத்தகத்தைப் பார்த்துச் சொன்னது. அன்றைக்கு அது அரைகுறையாகக் காதில் விழுந்தது, இன்றைக்கு என் கடையைக் காப்பாற்றியது. தலைவர் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். கங்காணியும் ஆட்டினார். இருவரும் தான்தான் முதல் என்று நம்பிக்கொண்டு மேடை ஏறினார்கள்.

ஸ்பீக்கர் கணீரென்று பேசியது. பாட்டு ஓடியது, பூசை ஓடியது. பதினொரு மணிக்குக் கங்காணி மைக்கைப் பிடித்தார். அவருடைய அப்பா மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியாக ஆட்களைக் கூட்டிவந்த கதையிலிருந்து ஆரம்பித்தார். நடந்த தூரத்துக்குக் கதை சொன்னார். நான் பேட்டரிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு அம்மனைக் கும்பிட்டேன். தாயே, இவரைச் சீக்கிரம் கண்டி வரைக்கும் கொண்டுவந்துவிடு.

கண்டி வந்தது, நாவலப்பிட்டி வந்தது, கடைசியில் வெள்ளைப்பாறையும் வந்தது. கங்காணி கும்பிட்டுவிட்டு மைக்கை விட்டார். ஸ்பீக்கர் நிற்கவில்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

தலைவர் மைக்கைப் பிடித்தார். "பெரியோர்களே, தாய்மார்களே" என்றார். தாய்மார்களே என்னும்போதே ஸ்பீக்கருக்குக் குரல் கம்மியது. மூன்றாவது வார்த்தைக்கு அது அடங்கிவிட்டது.

உடனே மைதானமே பேசியது. "சங்கத்துப் பேட்டரி செத்துப் போச்சு" என்று மேட்டு லயம். "கங்காணி பேட்டரிய இருந்த மட்டும் பேசியே தீத்துட்டாரு" என்று பள்ளத்து லயம். வேட்டியை மடித்துக் கட்டுகிறவர்களைப் பார்த்துப் பியதாச தன் ஸ்பீக்கர் புனல்களை அவிழ்க்கத் தொடங்கினார்.

"ஏம்மா, அந்தக் கண்ணாடிக் குழாய் கொண்டாந்தியா? எல்லாருக்கும் முன்னாடி பாத்துச் சொல்லு. எது செத்துச்சு?" என்றார் கங்காணி.

குழாயை விட்டேன். இரு பக்கத்திலிருந்தும் இரண்டிரண்டு பேர் குனிந்து பார்த்தார்கள். கங்காணியுடையதில் மிதவை அடியில் கிடந்தது. தலைவருடையதிலும் அதே கோட்டில் அடியில் கிடந்தது. திரும்பத் திரும்பப் பார்த்தார்கள், ஒரு நூல்கூட வித்தியாசம் இல்லை.

"ரெண்டும் ஒண்ணாத்தான் போயிருக்கு" என்றேன்.

ஒருவர் பேட்டரியும் தோற்கவில்லை என்றால் அடிதடிக்கு என்ன காரணம் சொல்வது? வேட்டிகள் மெதுவாக இறங்கின. தலைவர் மைக்கை ஓரமாக வைத்துவிட்டுத் தொண்டையாலேயே அரை மணி நேரம் பேசினார். ஸ்பீக்கரைவிட நன்றாகவே கேட்டது.

இரண்டு ரகசியம்

திங்கட்கிழமை காலையில் கங்காணி தனியாக வந்தார். எஞ்சினை ஏற்ற லாரி வருகிறதா என்றுதான் முதலில் தெருவைப் பார்த்தேன். வரவில்லை.

"நான் கொடுத்தப்ப எம் பேட்டரி முக்காலுக்கு மேல இருந்துச்சு. அவனோடது காலி. அது எப்படிம்மா ரெண்டும் ஒண்ணாச் செத்துச்சு?"

மனிதர் எதையும் விட மாட்டார். இனி மறைத்துப் பிரயோசனமில்லை என்று அவ்வளவையும் சொல்லிவிட்டேன். உங்கள் கரண்டு ராத்திரி அவர் பேட்டரிக்குள் போய்விட்டது ஐயா, தப்பு என்னுடையது, எஞ்சினை எடுத்துவிடாதீர்கள் என்று அழுதே விட்டேன்.

கங்காணி எஞ்சின் பக்கம் திரும்பினார். பிறகு அவருடைய தோள் குலுங்கியது. கோபம் என்று நினைத்தேன். அது சிரிப்பு.

"அப்போ நேத்து முச்சூடும் அவன் பேட்டரி எம் மிச்சத்தத்தான் தின்னுருக்கு."

"ஆமாங்கையா."

"எச்சில் கரண்டு வேணாம்னு சொன்னவன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "யார்கிட்டயும் சொல்லாத. அவனுக்குத் தெரிஞ்சா இனிமே திங்க மாட்டான். எம் பேட்டரி வந்தா எப்பவும் அவனோட சேத்து அந்த ஏணியிலயே கட்டு. எஞ்சின் இங்கயே கெடக்கட்டும்."

செவ்வாய்க்கிழமை தலைவர் வந்தார். அவர் இன்னும் குரலைத் தணித்துக் கேட்டார். "தங்கச்சி, மழை பெஞ்சு எஞ்சின் நின்னு போச்சுன்னு கேள்விப்பட்டேன். அப்ப எம் பேட்டரிக்கு அவ்வளவு கரண்டு எங்கருந்து வந்துச்சு?"

அவரிடமும் சொன்னேன். இந்தத் தடவை அழவில்லை, பழகிவிட்டது.

தலைவர் கடைப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப, கங்காணிகிட்டருந்து நான் எடுத்துட்டேன்."

"ஆமாண்ணே."

"மனு கொடுக்காம, வேல நிறுத்தம் பண்ணாம. அவரு தூங்கும்போது." அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் அதற்குப் பிறகு எந்த மேடையிலும் பார்க்கவில்லை. "எங்கம்மா காலத்துலருந்து எங்ககிட்ட எடுத்தவங்க. இது யாருக்கும் தெரிய வேணாம் தங்கச்சி. அவருக்குத் தெரிஞ்சா தனியாக் கட்டச் சொல்லிருவாரு. நீ எப்பவும் அவரோட சேத்தே கட்டு."

அதன்பிறகு எங்கள் கடையில் அந்த இரண்டு பேட்டரியும் ஒரே படியில்தான் நின்றன. கங்காணி குடும்பம் கப்பலேறி இந்தியாவுக்குப் போகும் வரைக்கும் அப்படித்தான். ஒருவர் ஊட்டினார், ஒருவர் பறித்தார், இருவருக்கும் பரம திருப்தி. எஞ்சினைக் கங்காணி கேட்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. நானும் மலை ஏறவில்லை.

பின்கட்டில்

எழுதி முடித்ததும், தபாலில் போடும் முன் இதை என் வீட்டுக்காரருக்கே படித்துக் காட்டினேன். அச்சில் பார்த்து அதிர்ச்சியடைய வேண்டாமே என்று. பொய் வருகிற இடத்தில் நிறுத்தி நிமிர்ந்து பார்த்தேன். முகத்தில் ஒன்றும் இல்லை.

"கோவம் வரலயா?"

"எதுக்கு? எனக்கு அன்னைக்கே தெரியும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் எனக்கு முன்னாலேயே எழும்பிப் பின்கட்டுக்குப் போயிருக்கிறார். ஏணிக் கம்பி அப்படியே இருந்திருக்கிறது. இடது கையில் ஸ்பானரைப் பிடித்துத் திருகிப் பார்த்திருக்கிறார். பேட்டரியைப் பிடித்துக்கொள்ள இன்னொரு கை இல்லாமல், நட்டு கழலாமல் பேட்டரிதான் நகர்ந்திருக்கிறது. திரும்பி வந்து படுத்துக்கொண்டாராம்.

"என்னைய எழுப்பியிருக்கலாமே" என்றேன்.

"எழுப்பி? ஊத்துனது ஊத்தியாச்சு. நீ மல ஏறிப்போயி அத்தன பேரு முன்னாடி கம்பி கட்டணும். எனக்குத் தெரியும்னு ஒனக்குத் தெரிஞ்சா ஒங்கையும் நடுங்கிரும். கடைக்கு அப்ப இருந்ததே அந்த ரெண்டு கைதான்."

சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, தேத்தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டார்.

இந்தத் தடவை இரண்டு நாள் பேசாமல் இருந்தது நான்தான்.